பதிவிணைப்பு

ரெக்கார்ட் லிங்கேஜ் என்பதைத் தமிழில் பதிவிணைப்பு எனலாம். ஒரே ஆளைப் பற்றி வெவ்வேறு அலுவலகங்கள் வெவ்வேறு காரணத்துக்காக எழுதிவைத்த பதிவுகளைத் தேடிப் பொருத்துவதுதான் இது. 'தரவு இணைப்பு' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அதைப் படித்தால் கைபேசி டேட்டாதான் நினைவுக்கு வருகிறது.

சொல்லைப் பரப்பியவர் ஹால்பர்ட் டன், அமெரிக்காவின் பிறப்பு இறப்புப் புள்ளிவிவர அதிகாரி. ஒவ்வொருவரின் வாழ்க்கையும் பிறப்பில் தொடங்கி இறப்பில் முடியும் ஒரு புத்தகம், அதன் பக்கங்களைச் சேர்த்துக் கட்டும் வேலையே இது என்று 1946இல் எழுதினார். கணினியில் செய்து காட்டியது கனடாவில். சாக் ரிவர் அணு ஆய்வகத்தின் மரபியலாளர் ஹோவர்ட் நியூகோம்ப் குழுவினர் 1959இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் திருமணப் பதிவுகளையும் பிறப்புப் பதிவுகளையும் பொருத்தினார்கள். 1969இல் இவான் ஃபெலிகியும் ஆலன் சன்டரும் இதற்குக் கணிதம் அமைத்தார்கள். ஸ்மித் என்ற பரவலான பெயர் இரண்டு பதிவிலும் இருந்தால் பெரிதாக ஒன்றும் நிரூபணமாகாது. அரிய பெயர் ஒத்துப்போனால் மதிப்பு அதிகம். இப்படி ஒவ்வொரு பொருத்தத்துக்கும் ஒரு எடை. ஆக, இணைப்பு என்கிறோமே தவிர, உள்ளே நடப்பது கணக்குப் போட்டுச் செய்யும் ஊகம்.

இந்தப் பதிவிணைப்பு பசியை ஆராயவும் உதவுகிறது. எப்படி என்று கனடாவை வைத்தே பார்க்கலாம். கனடாவின் வருமானக் கணக்கெடுப்பில் 18 கேள்விகள் கொண்ட ஒரு பகுதி உண்டு. கடந்த 12 மாதங்களில் பணமில்லாமல் உணவு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டீர்களா என்று தொடங்கி, நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பது வரை போகும். 2022இல் பத்து மாகாணங்களில் 22.9% பேர் இந்த நெருக்கடியுள்ள வீடுகளில் இருந்தார்கள். இதை 'உணவுப் பாதுகாப்பின்மை' என்பது வழக்கம். ஆனால் தமிழ்நாட்டில் கலப்படம் பிடிக்கும் துறைக்கும் உணவுப் பாதுகாப்புத் துறை என்றே பெயர். குழப்பமில்லாமல் 'உணவு உறுதியின்மை' என்று சொல்வது நல்லது.

பசியைக் கேட்டால் மக்கள் சொல்லிவிடுவார்கள். போன ஆண்டு எந்த உதவித்தொகை எவ்வளவு வந்தது என்று கேட்டால் யாருக்கு நினைவிருக்கும்? அது வரிப் பதிவில் இருக்கிறது. இரண்டையும் பொருத்தினால், குழந்தைகள் உதவித்தொகை ஏறியபோது எந்த வீடுகளில் பட்டினி குறைந்தது என்று பார்க்கலாம். 65 வயதில் ஓய்வூதியம் வரத் தொடங்கியதும் தனியாக வாழும் ஏழைகளிடம் உணவு உறுதியின்மை வெகுவாகக் குறைவது கணக்கெடுப்புகளிலேயே தெரிந்தது. எந்தத் தொகை, எவ்வளவு என்பதற்கு வரிப் பதிவு வேண்டும். இணைத்தபின் பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டுத்தான் ஆய்வாளரிடம் தருவார்கள்.

ஓட்டைகளும் உண்டு. ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறோம். தகப்பன் பெயர் ஓரிடத்தில் குடும்பப் பெயராகவும் இன்னோரிடத்தில் நடுப்பெயராகவும் நிற்கும். பொருத்தம் தவற இது போதும். அதைவிடப் பெரிய ஓட்டை, வரிப் படிவமே தாக்கல் செய்யாதவர்கள். படிவம் போடாவிட்டால் குழந்தைகள் உதவித்தொகையும் கிடைக்காது, இணைக்கப் பதிவும் இருக்காது.