கிரவுன் டெட்: ‘அரசுக் கடன்’ அல்ல

தீர்ப்புகளைத் தமிழாக்கும்போது ‘கிரவுன் டெட்’ (Crown debt) என்ற ஆங்கிலச் சட்டச் சொல் பெரும்பாலும் ‘அரசுக் கடன்’ ஆகிவிடுகிறது. நாளிதழ் படிக்கிறவர்களுக்கு அரசுக் கடன் என்றால் அரசு வாங்கிய கடன்தான். இதுவோ அரசுக்கு வரவேண்டிய பணம். ஒரு வேற்றுமை உருபு மறைந்து பொருள் தலைகீழாகிவிட்டது.

‘கிரவுன்’ லத்தீனின் ‘கொரோனா’விலிருந்து வந்தது, முதலில் மாலை, பிறகு மகுடம், பிறகு ஆட்சி. நம் ‘முடி’யும் முடியரசு, முடியாட்சி என்று அதே வழியில் போயிருக்கிறது. அரசரும் குடிமகனும் ஒரே கடனாளியிடம் சமநிலையில் பாக்கி கேட்டால் அரசருக்கே முதலில் என்பது இங்கிலாந்துப் பொதுச்சட்டம்.

இதை இங்கே ஊன்றியது பம்பாய் உயர் நீதிமன்றம். 1868இல் பாம்பே லேண்டிங் அண்ட் ஷிப்பிங் கம்பெனி வழக்கிலும், 1875இல் கணபத் புட்டாயா எதிர் கனரா கலெக்டர் வழக்கிலும் இதையே சொன்னது. பின்னது ‘பாப்பர்’ வழக்கில், அதாவது கோர்ட் கட்டணம் கட்ட வசதியில்லாதவர் போட்ட வழக்கில், அரசுக்குச் சேரவேண்டிய கட்டணம் பற்றியது. சட்டம் வெளிப்படையாகப் பறிக்காதவரை அரசின் முந்துரிமை நிற்கும் என்பதே சாரம்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1938இல் மாணிக்கம் செட்டியார் வழக்கில் இதை வருமான வரிக்கும் பொருத்தியது. கோர்ட்டில் பணம் இருந்தால் வரி அதிகாரி தனியாக ஜப்தி போடவேண்டியதில்லை, மனு போதும். பணம் பட்டுவாடா ஆனபின் வந்தால் பயனில்லை.

கணக்கில் பார்த்தால் புரியும். சொத்து ஏலம் போனது 1,00,000 ரூபாய்க்கு. அடமானம் பிடித்த வங்கிக்கு 60,000, வரி பாக்கி 30,000, கைமாற்றுக் கொடுத்தவருக்கு 30,000. இந்த விதி அடமானத்தைத் தாண்டாது. வங்கி எடுத்ததுபோக மிச்சம் 40,000. சரிபாதி என்றால் ஆளுக்கு 20,000. விதிப்படி வரிக்கு 30,000, கைமாற்றுக்காரருக்கு 10,000. வரிச் சட்டமே ‘முதல் பொறுப்பு’ (first charge), அதாவது சொத்தின் மேலேயே அரசுக்கு முதல் பிடிமானம், என்று எழுதியிருந்தால் கதை வேறு. அதை ‘முன்னுரிமை’ என்று பெயர்ப்பது அடுத்த பிழை. 2016இன் திவால் சட்டமோ அரசு பாக்கியைப் பிணையில்லாத நிதிக் கடனுக்கும் (அடமானம் இல்லாமல் வட்டிக்குக் கொடுத்த கடன் போன்றவை) கீழே இறக்கிவிட்டது.

‘இறை’ என்ற ஒரே சொல் பழந்தமிழில் அரசனையும் வரியையும் குறித்தது. கல்வெட்டில் ‘இறையிலி’ என்றால் வரியில்லா நிலம். ஆனால் இன்று ‘இறைக்கடன்’ என்றால் நேர்த்திக்கடன்தான் நினைவுக்கு வரும். ‘பாக்கி’ அரபு வழி வந்த சொல், பேச்சுக்கு நன்று. எழுத்துக்கு, ‘நில்’ வேரில் பிறந்த ‘நிலுவை’யை வைத்து, ‘அரசுக்குரிய நிலுவை’ என்க.