கிடங்கு: ‘குடோன்’ ஊர் சுற்றி வந்த கதை

துறைமுகக் கரையில் நிற்கும் பழைய சரக்குக் கட்டடத்தை ‘குடோன்’ என்கிறோம். எழுதும்போது ‘கிடங்கு’ என்று மாற்றிக்கொள்கிறோம், ஏதோ ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்த்துவிட்ட நினைப்பில். உண்மையில் கிடங்கு மூத்தது. குடோன் அதன் வழியில் வந்தது என்பதே சொல்லாய்வாளர் பலரின் கருத்து.

வேர் ‘கிட’. சங்கப் பாடல்களில் கிடங்கு என்றால் அகழி, அதாவது மதிலைச் சுற்றி நீர் தேங்கி ஆழ்ந்து கிடக்கும் பள்ளம். பள்ளத்தைக் குறித்த சொல் பின்னாளில் சரக்கு கிடக்கும் இடத்துக்கும் ஆகிவந்தது. மலாயில் இது ‘குடாங்’. கிழக்குக் கடல் வணிகத்தில் புழங்கிய அந்த வடிவத்தை ஐரோப்பியர் எடுத்துக்கொள்ள, ஆங்கிலத்தில் ‘கோடவுன்’ ஆனது. அதை ‘கோ டவுன்’ (கீழே போ) என்று பிரித்து, சரக்கைக் கீழே இறக்கும் இடம் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். அது எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் பிறகு கட்டிய விளக்கம்.

தென் மாவட்டங்களில் இன்றும் ‘கிட்டங்கி’ என்பார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் தொழில் நடத்திய நீண்ட கூடங்களுக்கும் இதே பெயர்தான். ‘பண்டகசாலை’ வடமொழி வழி வந்தது, இன்று கூட்டுறவுக் கடையை நினைவூட்டுகிறது. ‘களஞ்சியம்’ தானியத்துக்குப் பொருந்தும். கரையோரச் சரக்குக் கட்டடத்துக்குத் ‘துறைக் கிடங்கு’ என்பதே எங்கள் பரிந்துரை.

இத்தகைய கட்டடங்களுக்கு இரண்டு எதிரிகள்: தீயும் ஈரமும். லிவர்பூலில் 1846இல் திறந்த ஆல்பர்ட் துறைக் கிடங்குகளைத் தீக்கு அஞ்சியே மரச் சட்டகம் இல்லாமல் இரும்பு, செங்கல், கல் கொண்டு எழுப்பினார்கள். ஜகார்த்தாவில் டச்சுக் கம்பெனியின் மசாலாக் கிடங்குகள் 1977இல் கடல்சார் அருங்காட்சியகமாயின. 2018 ஜனவரியில் ஒரு பகுதி எரிந்தது.

ஈரத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் தரையிலிருந்து உப்புநீரை உறிஞ்சி, மேற்பரப்பு வழியே ஆவியாக வெளிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஆவி வெளியேற வழியில்லை. ஈரம் இன்னும் மேலே ஏறும். பூச்சுக்குப் பின்னால் நீர் வற்றும் இடத்தில் உப்பு படிகமாகி, செங்கல்லின் நுண்துளைகளை உள்ளிருந்தே நெருக்கும். முதலில் வெள்ளையாக உப்புப் பூக்கும். பிறகு பூச்சைத் தட்டினால் ‘டொக்’ என்று பொள்ளல் சத்தம் கேட்கும். கடைசியில் பூச்சோடு செங்கல்லின் முகமும் தகடாகப் பெயர்ந்து வரும். சுவர் கெட்டது உப்பால் என்று பழி போடுகிறோம். கெடுத்தது நாம் பூசிய சிமெண்ட்.

ஆகவே சிமெண்ட் பூச்சை எடுப்பதுதான் முதல் வேலை, ஈரக்கறைக்கு மேலும் சுமார் அரை மீட்டர் வரை. கை உளியும் சுத்தியலும் போதும். மின் உளியின் அதிர்வு பழைய செங்கல்லைப் பிளக்கும். உப்பை இழுக்க நல்ல நீரில் ஊறவைத்த காகிதக் கூழை 2 செ.மீ. கனத்துக்கு அப்பி, காய்ந்ததும் உரித்துவிட வேண்டும். ஒரு தடவையில் தீராது. உரித்த கூழைக் கரைத்து உப்பு எவ்வளவு எனப் பார்த்து, அது குறையும்வரை திரும்பத் திரும்ப அப்ப வேண்டும். அவசரப்பட்டு மேலே பூசினால், உள்ளே தங்கிய உப்பு புதுப் பூச்சையும் தள்ளிவிடும்.

பிறகு புதுப் பூச்சுக்கு நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு. கடல் மணல் கூடவே கூடாது. ஒரு பூச்சு 10 மி.மீ. கனத்தைத் தாண்டினால் வெடிக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துத்தான் சுண்ணாம்பு இறுகும்; அதற்கு மெல்லிய ஈரமும் வேண்டும். ஒரு வாரம் ஈரச் சாக்கால் மூடி வெயில் படாமல் காக்க வேண்டும்.

சுவருக்குள் புதைந்த உத்தர முனைகளைத் துளையிட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது. வெளியே திடமாக இருக்கும், உள்ளே உளுத்திருக்கும். கற்களைப் பிணைத்த இரும்புக் கொக்கிகள் துருவேறினால் பல மடங்கு பருத்துக் கல்லையே பிளக்கும். மாற்றும்போது துருப்பிடிக்காத எஃகுதான் போட வேண்டும்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் கரையில் 1883 முதல் எழுந்த ‘கிடங்கு நகரம்’ என்னும் கட்டடத் தொகுதி போன்றவை மரத்தூண் அடித்தளத்தில் நிற்கின்றன. நிலத்தடி நீரில் மூழ்கிய மரம் நூற்றாண்டுகள் தாங்கும். நீர் இறங்கித் தலைப்பகுதி காற்றுப்பட்டால் பூஞ்சை பிடித்து மட்கிவிடும். பக்கத்து மனையில் அடித்தளம் தோண்ட நீரை இறைக்கும்போதுதான் பெரும்பாலும் இது நேர்கிறது. இறைப்பு தொடங்குமுன் கண்காணிப்புக் குழாய் இறக்கி, நிலத்தடி நீர்மட்டத்தை நாள்தோறும் குறித்துவர வேண்டும். தூண்தலைக்குக் கீழே போகும் நிலை வந்தால் இறைப்பை உடனே நிறுத்த வேண்டும்.