ப்ளாங்க் பூஜ்யம் காட்டினால் க்யூவெட் சரி என்று நம்பிவிடாதீர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவி நாள் முழுக்க உட்கார்ந்து ஆர்என்ஏ பிரித்தெடுத்தார். ஜெல்லில் பட்டைகள் பளிச்சென்று தெரிந்தன. மாதிரி எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் வைத்தாலோ ஒரு முறை 0.02, அடுத்த முறை 0.00, அப்புறம் மைனஸ். "எல்லாம் சிதைஞ்சு போச்சு மேடம்" என்று கலங்கி நின்றார். மாதிரியை ஊற்றிக் கருவிக்குள் வைக்கும் சின்னப் பாத்திரமான க்யூவெட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே பொடியாக 'ஜி' என்று பொறித்திருந்தது. கண்ணாடி!

டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் ஒளியை அதிகம் உறிஞ்சுவது 260 நானோமீட்டரில். சாதாரணக் கண்ணாடி அந்த ஒளியை உள்ளே விடாது. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கும் அப்படித்தான். சுமார் 340-க்கு மேல்தான் அதற்கு வேலை. நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரி தெளிவாகத் தெரிவதுதான் சிக்கல். குவார்ட்ஸ் 200 நானோமீட்டர் பக்கம் வரை ஒளியை விடும். புற ஊதாவுக்கென்றே செய்த பிளாஸ்டிக் க்யூவெட்டுகளும் உண்டு. அவை சுமார் 220-லிருந்து பயன்படும், பெட்டியிலேயே போட்டிருப்பார்கள்.

சரி, தவறான க்யூவெட் என்றால் கருவி சொல்லாதா? பெரும்பாலும் சொல்லாது. ப்ளாங்க், அதாவது மாதிரி கலக்காத வெறும் கரைசலை வைத்து அழுத்தியதும், எவ்வளவு குறைந்த ஒளி வந்தாலும் அதையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு வரும் எண்ணெல்லாம் சிதறிய ஒளியும் இரைச்சலும்தான். எனவே புதிதாக ஒரு க்யூவெட் கைக்கு வந்தால் நான் முதலில் செய்வது இதுதான்: எதுவும் வைக்காமல் காற்றிலேயே கருவியைப் பூஜ்யமாக்கி, தண்ணீர் நிரப்பிய க்யூவெட்டை வைத்து 350-லிருந்து 230 வரை ஸ்கேன் செய்வேன். நல்ல குவார்ட்ஸ் என்றால் கோடு 0.1-க்குக் கீழேயே படுத்துக் கிடக்கும். கண்ணாடி என்றால் பாதி வழியிலேயே செங்குத்தாக ஏறிவிடும். இரண்டு நிமிட வேலை.

அடுத்தது, மைக்ரோ க்யூவெட். 50, 70 மைக்ரோலிட்டரில் அளக்கலாம் என்று ஆசையாக வாங்குகிறோம். அதன் ஜன்னல் ரொம்பச் சின்னது. கருவியின் ஒளிக்கற்றை அடிப்பகுதியிலிருந்து எந்த உயரத்தில் போகிறது என்று பார்க்காமல் வாங்கினால், ஒளி திரவத்தை விட்டுவிட்டுச் சுவரில் மோதும். 8.5, 15, 20 மில்லிமீட்டர் என்று இந்த உயரம் கருவிக்குக் கருவி மாறும். சுவர் கறுப்பாக உள்ளதை வாங்குங்கள், ஓரமாக நழுவிப் போகும் ஒளியை அது தடுத்துவிடும். ஒளிப்பாதை நீளத்தையும் கவனியுங்கள். அப்சார்பன்ஸ் (ஒளி உறிஞ்சல் அளவு) 1 என்றால் இரட்டை இழை டிஎன்ஏ மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம், ஆர்என்ஏ 40 என்ற கணக்கு 10 மில்லிமீட்டர் பாதைக்குத்தான். 1 மில்லிமீட்டர் க்யூவெட்டில் அளந்தால் பத்தால் பெருக்க வேண்டும்.

ஆர்என்ஏ என்றாலே பலர், அதைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதி க்யூவெட்டில் ஒட்டியிருக்குமோ என்று பயப்படுகிறார்கள். அளந்த துளியைத் திரும்பக் குழாயில் ஊற்றப் போகிறீர்களா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் சுத்தமான க்யூவெட்டே போதும். ஊற்றுவதாக இருந்தால், ஆர்என்ஏஸ் இல்லாதது என்று தனித்தனியாக உறையிட்டு வரும் புற ஊதா பிளாஸ்டிக்கை எடுங்கள்.

குவார்ட்ஸைச் சொரசொரப்பான பக்கத்தில் மட்டும் பிடியுங்கள். விரல் ரேகையும் 260-ல் ஒளியை உறிஞ்சும். வேலை முடிந்த கையோடு கழுவிவிடுங்கள், சுவரில் காய்ந்த டிஎன்ஏ லேசில் போகாது.

அன்று அதே குழாயிலிருந்து எடுத்து, 50 மடங்கு நீர்த்து, குவார்ட்ஸில் அளந்தோம். 260-ல் 0.46, 280-ல் 0.23. மில்லிலிட்டருக்கு 920 மைக்ரோகிராம், இரண்டு அளவுகளின் விகிதம் 2.0, அதாவது ஆர்என்ஏ சுத்தமாகவே இருந்தது. மாலையே அந்த மாணவி, ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ நகல் எடுக்கும் சிடிஎன்ஏ வேலையைத் தொடங்கிவிட்டார்.