ஓடும் வெயிலும் காயாத வண்ணமும்

1890ஆம் ஆண்டு மே மாதத்தின் நடுவில், தென் பிரான்சின் சேன் ரெமி என்னும் ஊரிலிருந்த மனநல மருத்துவ இல்லத்தை விட்டு வின்சென்ட் வான் கோ புறப்பட்டபோது, கடைசியாக வரைந்த ஓவியங்கள் சிலவற்றை அங்கேயே வைத்துவிட்டுச் செல்ல நேர்ந்தது. அவை இன்னும் காயவில்லை என்பதுதான் காரணம். பாரிசுக்கு வடக்கே ஓவேர் சுர் உவாஸ் என்ற சிற்றூரில் அவர் குடியேறிப் புதிய ஓவியங்களில் மூழ்கிவிட்ட பிறகு, ஜூன் மாதத்தில்தான் அவை அவரிடம் வந்து சேர்ந்தன. ஓவேரில் அவர் வாழ்ந்த ஏறத்தாழ 70 நாட்களில் 70க்கும் மேற்பட்ட ஓவியங்களை வரைந்தார். அவரது கைக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. வண்ணத்துக்கு வாரங்கள் தேவைப்பட்டன.

பிரான்சின் நாட்டுப்புறங்களில், வயலோரத்திலோ பழைய தேவாலயத்தின் எதிரிலோ ஓவியத் தாங்கியை நிறுத்தி எண்ணெய் வண்ணத்தில் வரைகிற எவருக்கும் இந்த இழுபறி உண்டு. சூரியன் வானில் மணிக்கு 15 பாகை நகர்கிறது. கோபுரத்தின் நிழல் இரண்டு மணி நேரத்தில் வேறு சுவரில் விழுகிறது. கித்தானில் தடவிய வண்ணமோ அன்று முழுவதும் ஈரமாகவே இருக்கிறது.

வண்ணம் ஏன் இவ்வளவு மெதுவாகக் காய்கிறது என்று கேட்கும்போது, ‘காய்தல்’ என்ற சொல்லே நம்மைத் தவறான பக்கம் இழுத்துவிடுகிறது. கொடியில் போட்ட துணி காய்வதென்றால் அதிலிருந்து நீர் வெளியேறுகிறது என்று பொருள். நீர்வண்ண ஓவியம் காய்வதும் அப்படியே. எண்ணெய் வண்ணத்தில் நடப்பது ஏறக்குறைய இதற்கு நேர்மாறு. நிறப்பொடியைக் குழைக்கப் பயன்படும் ஆளிவிதை எண்ணெயின் மெல்லிய படலம் ஒன்றைத் துல்லியமான தராசில் வைத்துக் கவனித்தால், முதல் சில நாட்களில் அதன் எடை கூடுகிறது. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்ளிழுத்துக்கொள்கிறது. வண்ணத்தை இளக்குவதற்காகச் சேர்க்கும் டர்பன்டைன் மட்டுமே உண்மையில் ஆவியாகிப் போகிறது. தென்மேற்குப் பிரான்சின் லாந்த் பகுதியில் பரந்து கிடக்கும் பைன் காடுகளில் மரங்களைக் கீறிப் பிசின் வடித்து, அதைக் காய்ச்சி வடித்தெடுத்தது அந்த நாட்டு டர்பன்டைன். தாரும் மரமும் கலந்த அதன் மணம்தான் ஓவியர் கூடத்தின் மணம்.

எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு கிளிசரால் துண்டோடு மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்குகின்றன. ஆளிவிதை எண்ணெயில் இச்சங்கிலிகளுள் ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ லினோலெனிக் அமிலம். 18 கார்பன் அணுக்கள் கொண்ட அந்தச் சங்கிலியில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே அகப்பட்ட கார்பன் அணு, தன் ஹைட்ரஜனை எளிதில் இழந்துவிடும். இழந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டிப் பெராக்சைடு உருவாகிறது. அது உடைந்து, பக்கத்திலுள்ள சங்கிலியைத் தாக்கி, அதோடு பிணைந்துகொள்கிறது. இவ்வாறு தனித்தனியே வழுக்கிக்கொண்டிருந்த மூலக்கூறுகள் கோடிக்கணக்கில் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு, முடிவில் ஒரே வலையாகின்றன. அதன் பிறகு அந்த எண்ணெயை மீண்டும் நீர்மமாக்க முடியாது. நீர்வண்ணத்தை நனைத்தால் கரையும். காய்ந்த எண்ணெய் வண்ணத்தை அதே எண்ணெயில் ஊறவைத்தாலும் அது கரையாது.

ஆலிவ் எண்ணெயில் ஏன் எவரும் ஓவியம் வரைவதில்லை என்பதும் இதிலிருந்தே விளங்குகிறது. அதில் மிகுதியாக உள்ள ஒலெயிக் அமிலத்துக்கு ஒரே ஓர் இரட்டைப் பிணைப்புதான். தேங்காய் எண்ணெயில் பெரும்பாலான சங்கிலிகளுக்கு அதுவும் இல்லை. இவற்றில் குழைத்த வண்ணம் எத்தனை ஆண்டானாலும் பிசுபிசுப்பாகவே கிடக்கும். கசகசா எண்ணெய் ஆளிவிதை எண்ணெய்க்கும் இவற்றுக்கும் நடுப்பட்டது: இரண்டு இரட்டைப் பிணைப்புகள் கொண்ட லினோலெயிக் அமிலம் மிகுந்தது, ஆளிவிதை எண்ணெயைவிட மெதுவாக உலர்வது, ஆனால் அந்த அளவுக்கு மஞ்சளிக்காதது. 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வண்ணத் தயாரிப்பாளர்கள், வெள்ளை முதலிய வெளிர்நிறங்களுக்கு அதை விரும்பியதற்கு இதுவே காரணம். வெள்ளை மங்காமல் இருப்பதற்கு ஓவியர் தந்த விலை, கூடுதல் நாட்கள்.

எல்லா நிறமும் ஒரே வேகத்தில் உலர்வதுமில்லை. ஈயம், மாங்கனீசு, கோபால்ட் ஆகிய உலோகங்கள் உலரும் வினையை முடுக்குகின்றன. மாங்கனீசு கலந்த அம்பர் என்னும் பழுப்பு மண், மெல்லியதாகப் பூசினால் ஓரிரு நாளில் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு உலர்ந்துவிடும். ஈய வெள்ளையும் விரைவாக இறுகும். எலும்புக் கரியாலான கறுப்பும் மஞ்சிட்டிச் சிவப்பும் பல நாட்கள் ஈரமாக நிற்கும். வெளியில் வரைகிறவர் முதல் கோட்டோவியத்தை அம்பரில் போடுவது வெறும் மரபன்று. ஒரு சிறு எச்சரிக்கையும் இங்கே பொருந்தும். ஆக்சிஜனேற்றம் வெப்பத்தை வெளியிடும் வினை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் கொட்டகையின் மூலையில் எறிந்தால், வெப்பம் வெளியேற வழியின்றி ஏறி, துணி தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துப் போட்டால் இந்த ஆபத்து இல்லை.

வண்ணம் மெதுவாக உலர்வதை ஓவியர்கள் குறையாக மட்டும் கருதவில்லை. ஈரத்தின் மேல் ஈரமாகத் தடவி, தூரிகையின் ஓரத்திலேயே இரண்டு நிறங்களை இணையவிட முடிவது இதனால்தான். அதே ஈரம் பாதுகாப்பாக எங்கும் சுமந்து செல்லத்தக்கதாக மாறியது 1841இல். லண்டனில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் ஜான் காஃப் ராண்ட், பிதுக்கக்கூடிய வெள்ளீயக் குழாய்க்கு அவ்வாண்டு காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு குழைத்த வண்ணம் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி விற்கப்பட்டது. ஆணியால் துளையிட்டுப் பிழிந்த பின் அத்துளையைச் சரியாக அடைக்க முடியாது, காற்றுப் புகுந்து வண்ணம் கட்டிவிடும். திருகுமூடி போட்ட குழாய் செய்தது ஆக்சிஜனைத் தடுத்தது மட்டுமே. அதுவே போதுமானதாக இருந்தது. 1849இல் பாரிசிலிருந்து ஃபோந்தேன்புளோவுக்கு ரயிலும் ஓடத் தொடங்கியபின், அங்குள்ள காட்டையும் அதன் ஓரத்துப் பார்பிசோன் கிராமத்தையும் நோக்கி ஓவியர்கள் வண்ணப்பெட்டியோடு கிளம்பிவிட்டார்கள்.

இனி வெயிலுக்கு வருவோம். என் கணிப்பில் வண்ணம் காயாததைவிடக் கடினமான சிக்கல் இதுதான். நண்பகலில் வெயில் விழும் சுண்ணாம்புக் கல் சுவருக்கும், திறந்திருக்கும் தேவாலய வாசலின் உட்புற இருளுக்கும் ஒளியில் நூற்றுக்கணக்கான மடங்கு வேறுபாடு இருக்கும். வண்ணத்தட்டில் உள்ள மிக வெளுத்த வெள்ளை, தன்மேல் விழும் ஒளியில் 100க்கு 90 பங்கைத் திருப்பி அனுப்பும். மிகக் கறுத்த கறுப்பும் மூன்று நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஆக ஓவியரிடம் உள்ள மொத்த வீச்சே 30 மடங்குக்குள் அடங்கிவிடுகிறது. கண்ணில் படுகிற வெளிச்சத்தை அப்படியே கித்தானுக்கு மாற்ற இயலாது; சுருக்கத்தான் வேண்டும்.

அந்தச் சுருக்கத்துக்கு வழிகாட்டுவது வானம். காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைநீள ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. 450 நானோமீட்டர் நீல ஒளி, 700 நானோமீட்டர் சிவப்பு ஒளியைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு சிதறும். எனவே சுவரின் வெயில் பக்கத்தை மஞ்சள் சாய்ந்த நேரடி ஒளியும், நிழல் பக்கத்தை நீல வானின் ஒளியும் வெளிச்சமாக்குகின்றன. நிழலுக்கு மெய்யாகவே வேறு நிறம் உண்டு. இதோடு கண்ணின் வேலையும் சேர்கிறது. பாரிசின் கோபலான் நெசவாலையில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த வேதியியலாளர் மிஷேல் எழேன் ஷெவ்ரல், அருகருகே வைத்த நிறங்கள் ஒன்றையொன்று எதிர்நிறத்தை நோக்கித் தள்ளுவதுபோல் தோன்றும் என்பதை 1839இல் விரிவாக விளக்கினார். ஆரஞ்சு நிற ஓட்டுக்கூரைக்குக் கீழே இருக்கும் சாம்பல் கல், நீலமாகத் தெரிவது இதனால்தான். கொழுப்புகளின் வேதியியலை ஆராய்ந்து பெயர் பெற்றவரும் இதே ஷெவ்ரல்தான் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் தற்செயல். கித்தானின் எண்ணெயையும் அதைப் பார்க்கும் கண்ணையும் ஒரே மனிதர் ஆராய்ந்திருக்கிறார். ஆக, ஒளி இருள் வேறுபாட்டில் கைவிட வேண்டியதை, மஞ்சள் சாய்ந்த வெம்மைக்கும் நீலம் சாய்ந்த தண்மைக்கும் உள்ள நிற வேறுபாட்டில் ஓவியர் ஈடுகட்டுகிறார். ஓவேர் தேவாலயத்தைப் பற்றித் தங்கைக்கு எழுதிய மடலில், கட்டடம் ஊதாவாகவும் வானம் கலப்பற்ற கோபால்ட் நீலமாகவும் இருப்பதாக வான் கோ குறிப்பிட்டதை இந்த நோக்கில் படிக்கலாம்.

கித்தானின் மேல் நேர் வெயில் விழுவதும் ஒரு பொறி. ஒளிச்செறிவை அளக்கும் அலகில் முழு வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ்; வீட்டு அறை சில நூறு லக்ஸ். வெயிலில் வைத்து ‘சரியாக’ வரைந்த ஓவியம், வீட்டுக்குள் கொண்டுபோனதும் இருண்டு மங்கித் தெரியும். வெளிப்புற ஓவியர்கள் வெண்குடை பிடிப்பது தலைக்காக மட்டுமன்று.

பழைய சுவர்களிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. தென் பிரான்சின் ரூசியோன் கிராமத்தைச் சுற்றியுள்ள மணற்பாறைகளில் இரும்பு கலந்த காவி மண் கிடைக்கிறது. அதை நீரில் கரைத்தால் மணல் அடியில் தங்கி, நுண்ணிய காவி மிதந்து சென்று தொட்டிகளில் படியும். சூளையில் சுட்டால் அதிலுள்ள நீர் நீங்கி மஞ்சள் காவி செங்காவியாகும். ஊர் வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சிலும் அதே காவி, ஓவியரின் குழாயிலும் அதே காவி. இருந்தும் குழாயிலிருந்து நேரே எடுத்துத் தடவினால் சுவரைவிட ஆழ்ந்த நிறமாக நிற்கும். சுவரில் காவித் துகள்களுக்கிடையே காற்று இருக்கிறது; காற்றுக்கும் துகளுக்கும் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை வளைக்கும் திறனின் அளவு, மிகவும் வேறுபடுவதால் ஒளி பல திசைகளில் சிதறி வெளிர்கிறது. குழாயில் அந்த இடைவெளியை எண்ணெய் நிரப்பியிருக்கிறது. அதன் ஒளிவிலகல் எண் 1.48. சிதறல் குறைய, நிறம் ஆழ்கிறது. மழையில் நனைந்த சுவர் கறுத்துத் தோன்றுவதும் இந்த விதியால்தான். சுண்ணாம்புக் கல்லைப் பொடித்தே வெள்ளை செய்துகொள்ளலாமே என்றால் அதுவும் நடக்காது. அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.6, எண்ணெயில் விழுந்ததும் பாதி கண்ணாடியாகிவிடும். கல் சுவரைக் கல்லால் வரைய முடியாது. ஒளிவிலகல் எண் 2ஐ ஒட்டிய ஈய வெள்ளையோ, இன்று பயன்படும் 2.7 கொண்ட டைட்டானியம் வெள்ளையோ வேண்டும்.

வெயிலுக்கும் வண்ணத்துக்கும் இடையிலான இழுபறியை ஓவியர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? ஒரே அமர்வில் ஈரத்தோடு முடித்துவிடுவது ஒரு வழி. மற்றது, ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு கித்தான். ஜிவெர்னியின் வைக்கோற்போர்களை 1890–91இல் வரைந்த கிளாட் மோனே, ஒளி மாறியதும் கித்தானை மாற்றினார். அந்த ஒளி மறுநாளோ அடுத்த வாரமோ திரும்பும்போது அந்தக் கித்தானுக்குத் திரும்பினார். 1893–94இல் மோரே சுர் லுவாங் என்ற சிற்றூரின் பழைய தேவாலயத்தை, காலை வெயிலிலும் மழையிலும் உறைபனியிலுமாகப் பத்துக்கும் மேற்பட்ட முறை வரைந்த அல்ஃப்ரெட் சிஸ்லேயும் இவ்வழியில் சென்றவரே. இடைப்பட்ட நாட்களில் கீழ்ப்படலம் இறுகத் தொடங்கிவிடுவதால், அதன் மேல் பூசுவதற்கு எண்ணெய் சற்றுக் கூடுதலாக உள்ள வண்ணமே ஏற்றது. எண்ணெய் மிகுந்த படலம் மெதுவாக உலர்ந்து நெகிழ்வாக இருக்கும்; அதைக் கீழே வைத்து, விரைந்து இறுகும் வண்ணத்தை மேலே பூசினால், அடியிலுள்ளது அசைய அசைய மேற்பரப்பு வெடித்துவிடும்.

தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தாலும் வேதிவினை அதோடு நின்றுவிடாது. தடித்த பூச்சில் அது பல ஆண்டுகள் நீடிக்கும். முதல் நாட்களிலோ அந்தப் பரப்பு எதையும் பிடித்துவைத்துக்கொள்ளும். 1870இல் துரூவீல் கடற்கரையில் மோனே வரைந்த ஓவியத்தின் வண்ணத்துக்குள் மணற்துகள்கள் இன்றும் இருக்கின்றன. 1889இல் வான் கோ வரைந்து, இப்போது அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி அருங்காட்சியகத்தில் உள்ள ஆலிவ் மரங்கள் ஓவியமொன்றில், 2017இல் நுண்ணோக்கியால் பார்த்தபோது ஒரு வெட்டுக்கிளி தென்பட்டது. அதன் உடலைக் கொண்டு ஓவியம் எந்தப் பருவத்தில் வரையப்பட்டது என்று கணிக்க ஆய்வாளர்கள் முயன்றனர். ஆனால் மார்பும் வயிறும் இல்லை. சுற்றியிருந்த வண்ணத்தில் அது துடித்த தடமும் இல்லை. முன்பே செத்துக் கிடந்தது, காற்றில் பறந்து வந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.