ஃபில்த்தி: அழுக்கு, ஊத்தை, கலீஜ்

'ஃபில்த்தி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'அசுத்தமான' என்று எழுதினால் பொருள் பாதிதான் வருகிறது. ஒரு நாள் பெருக்காத தரையும் அசுத்தம்தான். ஃபில்த்தி என்றால் பார்த்ததுமே குமட்ட வேண்டும்.

ஆங்கிலத்தில் கெட்டு நாறுவதைக் குறிக்கும் 'ஃபவுல்' (foul) என்பதன் பழைய ஆங்கில வடிவம் 'ஃபூல்'. அதோடு 'த்' விகுதி சேர்ந்து, உயிரெழுத்தும் திரிந்து 'ஃபில்த்' என்ற பெயர்ச்சொல் பிறந்தது. அதிலிருந்து வந்ததுதான் 'ஃபில்த்தி'. ஜெர்மன் மொழியில் அழுகியதைக் குறிக்கும் 'ஃபவுல்', சமஸ்கிருதத்தில் அழுகல் நாற்றத்தைக் குறிக்கும் 'பூதி', லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த, சீழைக் குறிக்கும் 'பஸ்' (pus) எல்லாம் இதற்கு உறவுதான். அடிப்படைப் பொருள் அழுகல்.

தமிழிலும் ஒழுகு–ஒழுக்கு, பெருகு–பெருக்கு என்பதைப் போல அழுகு–அழுக்கு. மலையாளத்திலும் இந்த இரண்டும் உண்டு. ஆனால் இன்று சட்டைக் காலரில் படிந்த வியர்வைக் கறைகூட அழுக்குதான். அதனால் 'அழுக்கு' என்று மட்டும் விடாமல் 'அழுக்கு மண்டிய', 'அழுக்கேறிய' என்று எழுத வேண்டும். உடம்பு, பல், வாய் என்றால் 'ஊத்தை' இருக்கிறது. இலங்கைத் தமிழில் அது அன்றாடச் சொல்.

சென்னைக்காரர்களிடம் இதற்கு நேர்ச்சொல்லே உண்டு: கலீஜ். தடித்தது, முரடானது என்று பொருள்படும் அரபுச் சொல் 'கலீழ்', உருதுவில் அருவருப்பான அழுக்கைக் குறித்து, அங்கிருந்து இங்கே வந்தது. 'ரூம் கலீஜா கீது' என்பார்கள், 'கலீஜா பேசாத' என்றும் சொல்வார்கள். ஃபில்த்தியைப் போலவே இடத்துக்கும் வாய்க்கும் பொருந்தும் சொல். பேச்சு வழக்கு உரையாடலில் தாராளமாக இதையே போடலாம்.

எழுத்து நடையில், எது அழுக்கு என்று பார்த்துச் சொல்லைத் தேர்வது நல்லது. அடுப்படி எக்ஸாஸ்ட் ஃபேனில் எண்ணெய் ஆவி படிந்து, அதில் தூசு ஒட்டி, விரல் வைத்தால் தடம் விழும். அது 'பிசுக்கேறியது'. வெறும் தண்ணீருக்கு அசையாது, வெந்நீரும் சோப்பும் வேண்டும். கூவத்தின் கருஞ்சேறு வேறு வகை. நீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. அங்கே 'நாற்றமெடுத்த', 'அழுகிய' என்பவையே சரி. ஃபில்த்தின் மூலப் பொருளும் அதுதானே.

அழுக்கே இல்லாத இடங்களில்தான் மொழிபெயர்ப்பு அதிகம் சறுக்குகிறது. 'ஃபில்த்தி ரிச்' அழுக்குப் பணக்காரர் அல்ல, கொழுத்த பணக்காரர். 'ஃபில்த்தி லாங்குவேஜ்' ஆபாசப் பேச்சு. 'ஃபில்த்தி லூக்கர்' என்பதைத் தமிழ் பைபிள் 'இழிவான ஆதாயம்' என்று அழகாகச் சொல்கிறது. 'ஃபில்த்தி வெதர்' மோசமான வானிலை, அவ்வளவுதான்.

'ஃபில்த்தி ஸ்லம்' என்று வந்தால் மிகுந்த கவனம் தேவை. 'அழுக்கான குடிசைப் பகுதி' என்றால் பழி அங்கே வாழ்பவர்கள் மீது விழும். இந்த ஊரில் 'அழுக்கு' என்ற சொல்லைச் சாதியோடு சேர்த்து வீசியிருக்கிறார்கள். 'கழிவுநீர் தேங்கிய', 'குப்பை அள்ளப்படாத' என்று உள்ளதை எழுதுங்கள்.