பாடத்த யூனிட் யூனிட்டா வெட்டாதீங்க: எது ஆன்லைன், எது கிளாஸ்ல?

ஜூன் மாசம் லெசன் பிளான் எழுத உக்காரும்போது, புதுசா சேந்த அசிஸ்டன்ட் புரொபசருங்க எங்கிட்ட கேக்கற மொத கேள்வி, "மேடம், இந்த பேப்பர்ல எத்தன யூனிட்ட ஆன்லைன்ல போடலாம்?" யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2021 மே மாசம், ஆன்லைனும் நேர் வகுப்பும் கலந்து நடத்தற பிளெண்டெட் முறை பத்தி விட்ட கான்செப்ட் நோட்ல ஒரு பாடத்துல 40 சதவீதம் வரைக்கும் ஆன்லைன்ல நடத்தலாம்னு சொல்லியிருந்தாங்க. அதுலருந்து இந்தக் கணக்கு நிறைய பேர் மனசுல உக்காந்துடுச்சு, அஞ்சு யூனிட்டா, ரெண்டு ஆன்லைன், மூணு நேர்ல, முடிஞ்சது வேல. அந்த ரெண்டும் பெரும்பாலும் நாலாவது, அஞ்சாவது யூனிட்டாத்தான் இருக்கும், ஏன்னா செமஸ்டர் கடைசில போர்ஷன் ஓட்டியாகணும்.

நான் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கறவ. என் அனுபவத்துல சொல்றேன், யூனிட்ட பிரிக்கவே கூடாது. ஒவ்வொரு யூனிட்டுக்குள்ளயும் தனியா உக்காந்து திரும்பத் திரும்பப் பாத்து கத்துக்கற விஷயம் ஒண்ணு இருக்கும், நாலு பேரோட சேந்து செஞ்சு பாத்தாத்தான் மண்டைல ஏறற விஷயம் ஒண்ணு இருக்கும். பிரிக்க வேண்டியது இந்த ரெண்டயும்தான்.

ஒரு உதாரணம் முழுசா சொல்லிடறேன். சாம்ப்ளிங் டிஸ்ட்ரிபியூஷன்னு ஒரு தலைப்பு, பிஎஸ்சி செகண்ட் இயர் பசங்க பலபேர் பார்முலாவ மனப்பாடம் பண்ணி பாஸ் பண்ணிட்டுப் போயிடுவாங்க, ஆனா சாம்பிளோட சராசரிக்கே தனியா ஒரு பரவல் இருக்குன்னா என்னன்னு கேட்டா முழிப்பாங்க. இத போர்டுல படம் போட்டு எத்தன தடவ சொன்னாலும் சரியா விளங்காது. நான் என்ன பண்ணுவேன்னா, கிளாஸ்ல இருக்கற எல்லாரும் வீட்டுலருந்து காலேஜ் வர எத்தன நிமிஷம் ஆகுதுன்னு சீட்டுல எழுதணும், அத ஜெராக்ஸ் எடுத்து வெட்டி பெஞ்சுக்கு ஒரு டப்பால போட்டுடுவேன். ஒவ்வொருத்தரும் ஒரு சீட்ட எடுக்கணும், நம்பர குறிச்சுக்கணும், திரும்ப உள்ள போட்டு குலுக்கணும், இப்படி நாலு தடவ எடுத்து சராசரி கண்டுபிடிச்சு போர்டுல அந்த நம்பருக்கு மேல ஒரு பெருக்கல் குறி போட்டுட்டு வரணும். பக்கத்து ஊர்லருந்து நடந்து வர்ற பையனோட 10 நிமிஷமும், ரெண்டு பஸ் மாறி வர்ற பொண்ணோட 110 நிமிஷமும் அதே டப்பாலதான் கெடக்கு, ஆனா போர்டுல குறியெல்லாம் நடுவுல வந்து குவிய ஆரம்பிக்கும். அப்புறம் 16 தடவ எடுக்கச் சொல்லுவேன். குவியல் ஒடுங்கும். "நாலு மடங்கு எடுத்திருக்கோம், அகலம் எவ்வளவு கொறஞ்சிருக்கு?"னு கேட்டா மொதல்ல கால்வாசியா ஆயிருக்கும்னு கத்துவாங்க, அப்புறம் ஒருத்தர் எந்திரிச்சுப் போய் அளந்து பாத்துட்டு "மேடம், கிட்டத்தட்ட பாதியாத்தான் கொறஞ்சிருக்கு"ம்பாங்க. பார்முலால இருக்கற ரூட் n (n-ங்கறது எத்தன தடவ எடுத்தோம்ங்கறது) எங்கருந்து வந்துச்சுன்னு அப்ப எழுதிக் காட்டினா அது நிக்கும்.

இதுக்கு சேந்தாப்ல ரெண்டு பீரியட் வேணும், எல்லாரும் ஒரே ரூம்ல இருக்கணும். ஆனா அதே யூனிட்ல இசட் டேபிள் (நார்மல் பரவலோட நிகழ்தகவு அட்டவணை) பாக்கறது எப்படி, கால்குலேட்டர்ல திட்ட விலக்கம் கண்டுபிடிக்க எஸ்டி மோட் போடறது எப்படின்னு ஒரு பகுதி இருக்கே, அத நான் கிளாஸ்ல எடுக்கறதே இல்ல. ஒருத்தனுக்கு ஒரு தடவ பாத்தா போதும், இன்னொருத்தனுக்கு அஞ்சு தடவ நிறுத்தி நிறுத்திப் பாக்கணும். அது வீடியோ வேல.

பாடத்த பிளான் பண்ணும்போது பின்னாலருந்து வாங்க. செமஸ்டர் முடிஞ்சப்புறம் இந்தப் பசங்க என்ன செய்யத் தெரிஞ்சிருக்கணும், அத எந்தக் கேள்வி கேட்டு கண்டுபிடிப்பீங்க, அந்தக் கேள்விய மொதல்ல எழுதுங்க. கோர்ஸ் அவுட்கம்னு நாமளும் எழுதறோம், ஆனா காலேஜுக்கு தர மதிப்பீடு குடுக்கற நாக் (NAAC) கமிட்டிக்குக் காட்டற பைலுக்காக பழைய சிலபஸ்லருந்து அஞ்சு வரி எடுத்து ஒட்டிட்டா அதனால பசங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. கேள்வி கைல இருந்தாத்தான் எதுக்கு வீடியோ போதும், எதுக்கு நேர்ல வரணும்னு தெரியும்.

2020ல பாத்ததுதான் ஆன்லைன் டீச்சிங்னு இன்னும் நிறைய சீனியர்ஸ் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. மார்ச்ல காலேஜ மூடினாங்க, கொஞ்ச நாள்ல ஜூம்லயும் கூகுள் மீட்லயும் அதே டைம்டேபிள ஓட்டினோம். அது ஆபத்துக் காலத்து ஏற்பாடு, திட்டம் போட்டு செஞ்ச ஆன்லைன் பாடம் இல்லன்னு கல்வியாளர்கள் அந்த மார்ச் மாசமே எழுதிட்டாங்க. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேந்து என்பிடெல்ங்கற (NPTEL) ஆன்லைன் பாடத் திட்டத்த ஆரம்பிச்சது 2003ல, அதாவது இந்த வேல நம்ம நாட்டுக்கு ஒண்ணும் புதுசு இல்ல, ஒரு கோர்ஸ் தயாராக மாசக்கணக்குல ஆகும், அசைன்மென்ட்டுக்கு 25, சென்டர்ல போய் எழுதற பரீட்சைக்கு 75ன்னு மார்க் பிரிச்சிருப்பாங்க. பாடம் ஆன்லைன்ல இருந்தாலும் பரீட்சை நேர்லதான்னு அவங்க வெச்சதுக்கு காரணம் இருக்கு.

இப்ப நான் ரொம்பக் கவலப்படற விஷயத்துக்கு வர்றேன், பசங்களோட நேரம். பிளெண்டெட்ங்கற பேர்ல பல எடத்துல நடக்கறது என்னன்னா, கிளாஸ்ல எடுக்கறது எதயும் கொறைக்காம அதுக்கு மேல வீடியோ, அதுக்கு மேல கூகுள் கிளாஸ்ரூம்ல ஒரு அசைன்மென்ட், அதுக்கு மேல டிஸ்கஷன். ஒரு பாடம் ஒன்றரை பாடமா ஆயிடுது. 2023ல வந்த நேஷனல் கிரெடிட் பிரேம்வொர்க் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம்னு சொல்லுது, கிளாஸும் வீட்டுல படிக்கறதும் எல்லாம் சேத்து. நாலு கிரெடிட் பேப்பர்னா 120 மணி, 15 வாரத்துக்குப் பிரிச்சா வாரத்துக்கு 8. உங்க பேப்பருக்கு வாரம் 5 மணி நேரம் கிளாஸ் இருக்குன்னா மிச்சம் 3 மணி நேரம்தான், அதுக்குள்ளதான் வீடியோ, ரெக்கார்ட் நோட், அசைன்மென்ட், பரீட்சைக்குப் படிக்கறது எல்லாமே அடங்கணும். அஞ்சு பேப்பர் ஸ்டாஃபும் ஆளுக்கொரு வீடியோ லிங்க்க ஞாயித்துக்கிழம ராத்திரி வாட்ஸ்ஆப்ல தட்டி விட்டா அந்தப் புள்ள எப்ப பாக்கும்? அதனால ஒரு வீடியோ சேத்தீங்கன்னா கிளாஸ்லருந்து எத எடுத்தீங்கன்னும் லெசன் பிளான்ல எழுதுங்க, எடுக்க மனசு வரலன்னா சேக்காதீங்க.

வீடியோவும் நீளமா வேண்டாம். எட்எக்ஸ்ங்கற (edX) ஆன்லைன் பாடத் தளத்துல பிலிப் குவோவும் அவரோட சகாக்களும் 69 லட்சம் தடவ வீடியோ பாத்த பதிவுகள ஆராய்ச்சி பண்ணி 2014ல வெளியிட்டாங்க, ஆறு நிமிஷத்துக்குள்ள இருக்கற வீடியோவத்தான் பசங்க ஒழுங்கா பாக்கறாங்க, வெறும் ஸ்லைட விட கையால எழுதிக் காட்டறதுல கவனம் அதிகமா நிக்குதுன்னு அதுல இருக்கு. ஸ்டுடியோ எல்லாம் தேவையே இல்ல. மொபைல மேலருந்து கீழ பாக்கற மாதிரி ஸ்டாண்டுல மாட்டி, வெள்ளப் பேப்பர்ல ஸ்கெட்ச் பேனாவால கணக்கு போட்டுக்கிட்டே பேசுங்க, ஃபேன மட்டும் நிறுத்திடுங்க, சத்தம் தெளிவா இல்லன்னா யாரும் பாக்க மாட்டாங்க. கூடவே அந்தப் பேப்பரயும் போட்டோ எடுத்துப் போடுங்க. தமிழ்நாடு அரசு 2021 ஜனவரிலருந்து ஏப்ரல் வரைக்கும் காலேஜ் பசங்களுக்கு தினம் 2 ஜிபி டேட்டா இலவசமா குடுத்துச்சு, அப்பவே என் கிளாஸ்ல ஒரு பொண்ணு, "டேட்டா இருக்கு மேடம், போன் அண்ணன்கிட்ட இருக்கு, அவன் வேலைக்குப் போயிட்டு வந்தப்புறம் ராத்திரி பத்து மணிக்குத்தான் கிடைக்கும்"னு சொன்னா. இன்னிக்கும் ஒவ்வொரு பேட்ச்லயும் இப்படி யாராவது இருக்காங்க. மொத வாரமே விசாரிச்சுடுங்க, கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் கேக்காம ஒரு துண்டுச் சீட்டுல எழுதித் தரச் சொல்லுங்க.

இன்னொண்ணும் மொத வாரமே சொல்லிடணும். நேர்ல வர்ற பீரியட்ல லெக்சர் இல்லாம வேல செய்ய வெச்சா பசங்களுக்கு ஆரம்பத்துல பிடிக்காது, "மேடம் பாடமே எடுக்க மாட்டேங்கறாங்க"ன்னு எச்ஓடிகிட்ட (துறைத் தலைவர்கிட்ட) போவாங்க. ஹார்வர்டுல பிசிக்ஸ் வகுப்புகள்ல இத சோதிச்சுப் பாத்து 2019ல எழுதியிருக்காங்க, தானே செஞ்சு கத்துக்கிட்ட பசங்க டெஸ்ட்ல அதிக மார்க் எடுத்தாங்க, ஆனா நல்ல லெக்சர் கேட்ட பசங்கதான் நாங்க நெறைய கத்துக்கிட்டோம்னு நெனச்சாங்க. கஷ்டப்பட்டு யோசிக்கும்போது நமக்கு ஒண்ணும் வரலன்னு தோணறது இயல்புதான். இத முன்கூட்டியே பசங்ககிட்டயும் எச்ஓடிகிட்டயும் விளக்கிட்டா பாதி பிரச்சன வராது.

மார்க் விஷயம் சுருக்கமா. சாட்ஜிபிடி வந்தப்புறம் வீட்டுல எழுதிட்டு வர்ற அசைன்மென்ட்ட வெச்சு மட்டும் இன்டர்னல் மார்க் போடறது பசங்களுக்கு நாம செய்யற நியாயம் இல்ல. வாராவாரம் அஞ்சு கேள்வி கூகுள் ஃபார்ம்ல குடுங்க, அதுக்கு மார்க் ரொம்பக் கம்மியா வைங்க. படிச்சத ஞாபகத்துலருந்து எடுத்து எழுதிப் பாக்கறதே நல்லா கத்துக்கற வழிதான், அந்த ஃபார்ம் அதுக்காக. மார்க் வேணும்னா கிளாஸ்ல கூப்பிட்டு, "நீ போட்ட இந்த ஸ்டெப் ஏன்?"னு ரெண்டு நிமிஷம் கேளுங்க. 60 பேர் இருந்தா ஒரே வாரத்துல முடியாது, சுழற்சி முறைல வைங்க.

நிர்வாகத்துல இருக்கறவங்களுக்கும் ஒரு வார்த்த. ஆறு நிமிஷ வீடியோவுக்கு பின்னால அர நாள் உழைப்பு இருக்கு, அத ஒர்க்லோட்ல சேக்காம, டைம்டேபிள்ல இருக்கற வாரம் 16 மணி நேரத்த மட்டும் எண்ணிட்டு "ஏன் பிளெண்டெட் பண்ணல"ன்னு கேட்டா, ஸ்டாஃப் யூடியூப்லருந்து யாரோ போட்ட லிங்க்க எடுத்து ஒட்டத்தான் செய்வாங்க. அவங்களச் சொல்லி குத்தமில்ல.

ஆசிரியருங்க இப்ப செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. டைம்டேபிள் கமிட்டி உக்கார்றதுக்கு முன்னாடியே, ஒவ்வொரு யூனிட்லயும் எல்லாரும் சேந்து செய்ய வேண்டிய வேல எதுன்னு குறிச்சுக்கிட்டு, சேந்தாப்ல ரெண்டு பீரியட் வாரம் ஒரு தடவயாவது வேணும்னு எழுதிக் குடுங்க. கிளாஸ் ஆரம்பிச்சப்புறம் கேட்டா கெடைக்காது, லேப் இருக்கற டிபார்ட்மென்ட்டுங்க எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க.