சொல் விளக்கம்: கிளினிக்கல் ட்ரயல்

மலையகத்தில் 'கிளினிக்' தெரியாதவர் கிடையாது. மாதம் ஒரு தடவை கொப்பியைத் தூக்கிக்கொண்டு டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ போய், நம்பர் எடுத்து, பிரஷருக்கும் சீனிக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் குளிசை வாங்கி வருகிற நாள்தான் கிளினிக். "இன்னைக்கு அம்மாவுக்குக் கிளினிக்" என்றால் அன்று அவருக்குப் பேர் (நாள் சம்பளம்) இல்லை என்று தோட்டத்தில் எல்லாருக்கும் விளங்கும்.

அதனால் 'கிளினிக்கல் ட்ரயல்' என்று கேட்டதும், கிளினிக்கில் எடுக்கிற ஏதோ ஒரு டெஸ்ட் என்று நினைப்பது இயல்புதான். தமிழில் போட்டால் இன்னும் குழப்பம். கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் புதுக் குளிசை 'மருத்துவப் பரிசோதனையில்' வெற்றி என்று எழுதுகிறார்கள். நமக்கு மருத்துவப் பரிசோதனை என்றால் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுப்பது. அதில் என்ன வெற்றி?

சரி, சொல்லைப் பிரித்துப் பார்ப்போம்.

கிரேக்க மொழியில் 'கிளினே' என்றால் படுக்கை. 'சாய்தல்' என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. படுத்திருக்கும் நோயாளியின் பக்கத்தில் போய் நின்று பார்க்கிற வைத்தியர் 'கிளினிகோஸ்'. இலங்கைத் தமிழில் கிளினிக்குக்கு 'சாய்சாலை' என்று ஒரு சொல் உண்டு, பழைய அறிவிப்புகளில் பார்த்திருப்பீர்கள். அதை ஆக்கியவருக்குக் கிரேக்க வேர் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம், அவ்வளவு பொருத்தம். என்ன, இன்றைய கிளினிக்கில் சாய்வது எங்கே, வாங்கில் உட்கார இடம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

'ட்ரயல்' பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேர்ச்சொல்லுக்குப் பொருள் பிரித்தெடுத்தல், சலித்தெடுத்தல். ஸ்டோரில் காய்ந்த தேயிலையைச் சல்லடை சல்லடையாக விட்டுத் தரம் பிரிக்கிறார்களே, அதே வேலை. நீதிமன்ற வழக்கு விசாரணைக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான், அங்கே சலிக்கப்படுவது சாட்சி. இங்கே சலிக்கப்படுவது மருந்து, புது மருந்தை மனிதருக்குக் கொடுத்துப் பார்ப்பதுதான் கிளினிக்கல் ட்ரயல்.

இந்தச் சலித்தெடுப்பு பல கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் சில பத்துப் பேருக்குக் கொடுத்து, உடம்பு தாங்குகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் சில நூறு பேர், எந்த அளவு கொடுத்தால் வேலை செய்கிறது என்பது கேள்வி. மூன்றாவதில் ஆயிரக்கணக்கானோர். பெரும்பாலும் குலுக்கல் முறையில் ஒரு பாதிக்குப் புது மருந்து, மற்றப் பாதிக்குப் பார்வைக்கு அதேபோல இருக்கிற வெற்றுக் குளிசை. யாருக்கு எது என்று டொக்டருக்கும் தெரியாது, எடுப்பவருக்கும் தெரியாது. மருந்து கடைக்கு வந்த பிறகும் கவனிப்பது நாலாவது.

இப்போது பேசப்படுகிற புதுக் கொலஸ்ட்ரோல் குளிசைகளை இதில் வைத்துப் பார்க்கலாம். பிசிஎஸ்கே9 என்கிற புரதத்தைத் தடுத்துக் கெட்ட கொலஸ்ட்ரோலை நன்றாக இறக்குகிற ஊசி மருந்துகள் 2015ல் வந்துவிட்டன. ஆனால் அவையும் புரதம்தான், விழுங்கினால் வயிறு செரித்துவிடும். அதே வேலையைக் குளிசையாகச் செய்ய உருவாக்கியதுதான் என்லிசிடைட். இரண்டாம் கட்டத்தில் 381 பேர். மூன்றாம் கட்ட ஆய்வு ஒன்றில் சுமார் 2,900 பேர். 24 வாரத்தில், வெற்றுக் குளிசை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் கெட்ட கொலஸ்ட்ரோல் 55 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள். பெரிய இறக்கம்தான். ஆனால் மாரடைப்பு குறைகிறதா என்பது தனிக் கேள்வி, அதற்கென்று 14,000க்கு மேற்பட்டவர்களைச் சேர்த்துத் தனி ஆய்வு தொடங்கினார்கள்.

இரத்த ரிப்போர்ட்டில் எண் இறங்கினால் போதாதா என்று கேட்பவர்கள் டோர்செட்ராபிப் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவும் கொலஸ்ட்ரோல் குளிசைதான். 15,067 பேர் சேர்ந்த ஆய்வில் நல்ல கொலஸ்ட்ரோல் 72 சதவீதம் ஏறியது, கெட்டது ஏறக்குறைய 25 சதவீதம் இறங்கியது, ரிப்போர்ட்டைப் பார்த்தால் யாருக்கும் சந்தோஷம் வரும். ஆனால் அதை எடுத்தவர்களில் 93 பேர் இறந்தார்கள், எடுக்காத பக்கத்தில் 59 பேர். 2006 டிசம்பரில் ஆய்வை நிறுத்தி மருந்தையும் கைவிட்டார்கள். மாறாக, நம் ஆட்கள் கொலஸ்ட்ரோலுக்கு இரவில் போடுகிற ஸ்டாட்டின் இந்தச் சல்லடையில் தப்பியது. ஜப்பானியர் அகிரா எண்டோ 1970களில் பூஞ்சணத்திலிருந்து கண்டெடுத்த பொருளில் தொடங்கிய மருந்து வகை அது. 1994ல் வெளிவந்த ஆய்வில் 4,444 இதய நோயாளருக்குள் சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களிடையே இறப்பு 30 சதவீதம் குறைந்திருந்தது. 'கிளினிக்கல்' என்ற அடைமொழிக்கு இங்கேதான் வேலை. முடிவைச் சொல்ல வேண்டியது படுக்கையில் இருக்கிற மனிதர், காகிதத்தில் இருக்கிற எண் இல்லை.

அப்போ தமிழில் என்ன சொல்வது? 'மருத்துவப் பரிசோதனை' எனக்குப் பிடிக்கவில்லை, காரணத்தை மேலேயே சொல்லிவிட்டேன். வெறும் 'மருத்துவ ஆய்வு' மிகவும் அகலம், எலியில் செய்தாலும் ஆய்வுதான். 'பரீட்சார்த்தம்' இலங்கையில் பழக்கமான சொல், ரயிலைப் புதிதாக ஓட்டிப் பார்ப்பதற்கெல்லாம் பொருந்துகிறது, இதற்குக் கொஞ்சம் விறைப்பு. எழுத்தில் 'மருத்துவச் சோதனை ஆய்வு' என்றும், மருந்தைப் பற்றி மட்டும் பேசும்போது 'புது மருந்துச் சோதனை' என்றும் போடலாம். தோட்டத்து லயத்தில் யாரிடம் சொன்னாலும் இரண்டாவது உடனே விளங்கும். கூடவே வரும் 'பிளசீபோ'வுக்கு, லத்தீனில் 'மனம் குளிரச் செய்வேன்' என்று பொருள், தமிழில் 'வெற்றுக் குளிசை' போதும்.

இந்தச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், இப்படியான சோதனைகள் இங்கேயும் நடக்கின்றன. பிரஷருக்கு மூன்று மருந்தைச் சிறிய அளவில் ஒரே குளிசையில் சேர்த்துக் கொடுத்த ஆய்வு ஒன்று இலங்கை அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 700 பேரிடம் நடந்து, 2018ல் வெளிவந்தது. அந்தக் குளிசை எடுத்தவர்களில் 70 சதவீதம் பேருக்கு பிரஷர் இலக்குக்குள் வந்தது, வழக்கமான சிகிச்சையில் 55 சதவீதம். இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் இப்படியான ஆய்வுகளுக்கென்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. சேர்கிறவர் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும், படிவம் அவருக்கு விளங்குகிற மொழியில் இருக்க வேண்டும். அதில் 'மருத்துவப் பரிசோதனைக்குச் சம்மதிக்கிறேன்' என்று இருந்தால், கொழுந்து எடுக்கப் போகிற அவசரத்தில் ஒரு அக்கா அதை இரத்தப் பரிசோதனை என்று நினைத்துக் கையெழுத்து வைத்துவிடுவார். 'புது மருந்துச் சோதனை' என்று இருந்தால் நின்று கேட்பார்: எனக்கு வெற்றுக் குளிசையும் விழலாமா, பக்கவிளைவு வந்தால் யார் பார்ப்பது, நடுவில் வேண்டாம் என்று சொல்லலாமா? சொல்லலாம், எப்போது வேண்டுமானாலும், காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை, அதற்காக ஆஸ்பத்திரிக்காரர் அவருடைய வழக்கமான கிளினிக் மருந்தை நிறுத்தவும் கூடாது.